காமன் ஆப்: எஸ்ஏடி உயர்ந்து ஜிபிஏ சரிந்த மாணவருக்கு எவ்வளவு உதவும்?

எஸ்ஏடி என்ற கல்லூரி நுழைவுத் தேர்வில் 1600-க்கு 1500. பள்ளி மதிப்பெண்களின் சராசரியான ஜிபிஏ 4-க்கு 2.9. அமெரிக்காவில் பிள்ளை இப்படிப் பதினோராம் வகுப்பை முடித்தால், அந்தக் கோடை முழுக்க வீட்டில் ஒரே பேச்சுதான்: எந்தக் கல்லூரி எடுக்கும்? ஆகஸ்ட் 1 அன்று காமன் ஆப் புதிய ஆண்டுக்குத் திறந்ததும் முதல் வேலையாக அதில் உட்கார்ந்துவிடுகிறார்கள். 1975-இல் 15 கல்லூரிகள் சேர்ந்து தொடங்கிய இந்தப் பொது விண்ணப்பத்தில் இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகள் இருக்கின்றன. கணக்குத் தொடங்கக் காசில்லை. ஒரே விண்ணப்பத்தை 20 கல்லூரிகள் வரை அனுப்பலாம். கட்டணத்தைக் கல்லூரிதான் வாங்குகிறது. வசதி குறைந்தவர்களுக்கு விலக்கு உண்டு, அதையும் இதிலேயே கேட்டுவிடலாம்.

காகிதம் அனுப்பும் சேவையாகப் பார்த்தால் இதில் குறை சொல்ல அதிகம் இல்லை. ஆனால் தேர்வில் பளிச்சென்றும் மார்க் ஷீட்டில் மங்கலாகவும் தெரிகிற மாணவருக்கு இது எங்கே கைகொடுக்கிறது, எங்கே காலை வாருகிறது என்பதைப் பக்கம் பக்கமாகப் பார்க்க வேண்டும். இந்த மதிப்புரை அந்த மாணவருக்காக மட்டும்.

முதலில், இந்த இடைவெளி எப்படி உண்டாகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒரு பாடத்தில் தேர்வுகளுக்கு 70 சதவீதம், வீட்டுப்பாடத்துக்கு 30 சதவீதம் என்று வையுங்கள். மாணவர் தேர்வுகளில் சராசரியாக 95 வாங்குகிறார், வீட்டுப்பாடத்தில் பாதியைக் கொடுக்கவே இல்லை. 66.5-உம் 15-உம் சேர்ந்து 81.5. பாடம் முழுக்கத் தெரிந்தவர், கையில் கிடைப்பது பி மைனஸ். இதுவே ஆறு பாடத்தில், எட்டுப் பருவத்தில் நடந்தால் ஜிபிஏ மூன்றுக்குக் கீழே போய்விடும். எஸ்ஏடி 2 மணி 14 நிமிடத்தில் முடிகிற தேர்வு, அதில் வீட்டுப்பாடம் கிடையாது. சேர்க்கை அலுவலருக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். 1500-ஐயும் 2.9-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்ததும் அவருக்கு எழும் கேள்வி 'இவரால் முடியுமா' என்பது அல்ல, 'இவர் செய்வாரா' என்பதுதான். விண்ணப்பத்தில் மாணவர் நிரப்புகிற எல்லாக் கட்டங்களும் அந்தக் கேள்விக்குப் பதிலாக இருக்க வேண்டும். இன்னொரு தடவை எஸ்ஏடி எழுதி 1500-ஐ 1540 ஆக்குவது அந்தப் பதில் ஆகாது.

கல்விப் பக்கத்தில்தான் முதல் தவறு நடக்கிறது. ஜிபிஏ எவ்வளவு, எந்த அளவுகோலில், வெயிட்டடா அன்வெயிட்டடா என்று காமன் ஆப் தனித்தனியாகக் கேட்கிறது. ஏபி என்ற கல்லூரித் தர வகுப்புகளுக்கும் ஆனர்ஸ் வகுப்புகளுக்கும் கூடுதல் புள்ளி சேர்த்த (வெயிட்டட்) 3.4-ஐப் போட்டு, 4 என்ற அளவுகோலைத் தேர்ந்து, அன்வெயிட்டட் என்று குறித்துவிடுகிறார்கள். மாணவர்களுக்கு வழிகாட்டும் பள்ளி ஆலோசகரான கவுன்சிலர் அனுப்பும் ஸ்கூல் ரிப்போர்ட்டிலும் டிரான்ஸ்கிரிப்ட் என்ற மதிப்பெண் பதிவிலும் 2.9 இருக்கும். எண் சரிந்த மாணவருக்கு அதைவிடப் பெரிய அடி எண்ணைப் பூசி மெழுகியதாகத் தெரிவது. டிரான்ஸ்கிரிப்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதில் உள்ளதை அப்படியே போடுங்கள். எப்படியும் பல கல்லூரிகள் தங்கள் கணக்குப்படி ஜிபிஏவை மறுபடி போட்டுப் பார்க்கும். சில கல்லூரிகள் 'கோர்சஸ் அண்ட் கிரேட்ஸ்' பகுதியில் ஒவ்வொரு பாடத்தையும் ஒவ்வொரு பருவ கிரேடையும் நிரப்பச் சொல்லும். அங்கே பி மைனஸைப் பி என்று போடுவது சின்ன விஷயமாகத் தோன்றும். சேர்க்கை கிடைத்த பிறகு இறுதி டிரான்ஸ்கிரிப்ட்டோடு ஒப்பிடும்போதுதான் வெடிக்கும்.

இந்தியாவிலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சிபிஎஸ்இ, மாநிலப் பாடத்திட்ட மதிப்பெண்களை நாமே 4-க்கு மாற்றிப் போட வேண்டியதில்லை. மதிப்பெண் சான்றிதழில் சதவீதம் இருந்தால் சதவீதமே. கவுன்சிலர் என்று யாரும் இல்லாத பள்ளியில் தலைமையாசிரியரோ முதல்வரோ அந்த இடத்தில் இருப்பார். அவருக்குப் பள்ளியின் பெயரில் உள்ள மின்னஞ்சல் முகவரியிலேயே அழைப்பு அனுப்புங்கள்.

தேர்வு மதிப்பெண் பக்கம் இந்த மாணவருக்காகவே செய்தது போல இருக்கும். எதைக் காட்டுவது, எதை விடுவது என்பது உங்கள் கையில். இரண்டு தடவை எழுதியிருந்தால் ஒவ்வொரு பிரிவிலும் எடுத்த உச்ச மதிப்பெண்ணைத் தேதியோடு தனித்தனியாகப் போடலாம். சூப்பர்ஸ்கோர் பார்க்கும் கல்லூரி அதைச் சேர்த்துக்கொள்ளும். பல கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும்போது நீங்களே போடுவது போதும், அதிகாரபூர்வ மதிப்பெண்ணைச் சேர்ந்த பிறகு அனுப்பலாம். முன்கூட்டியே கேட்கும் கல்லூரி இருந்தால், தேர்வு முடிந்த 9 நாளுக்குள் நான்கு கல்லூரிகளுக்கு இலவசமாக அனுப்ப, எஸ்ஏடியை நடத்தும் காலேஜ் போர்டு விடுகிறது. ஏபி தேர்வில் 5-க்கு 4 அல்லது 5 வாங்கியிருந்தால் அதையும் இங்கே போடுங்கள். வகுப்பில் பி, அதே பாடத்தின் ஏபி தேர்வில் 5 என்றால் அது எஸ்ஏடியைவிடக் கனமான சாட்சி, ஏனென்றால் அது ஓராண்டுப் பாடத்தைப் பற்றியது.

ஆனால் இந்தப் பக்கம் தரும் நம்பிக்கையில் ஒரு பொறியும் இருக்கிறது. எம்ஐடி 2022-இலும், டார்ட்மத், யேல், பிரவுன், ஹார்வர்ட், கால்டெக் 2024-இலும் தேர்வு மதிப்பெண்ணை மறுபடி கட்டாயமாக்கின. 'மறுபடி தேர்வு கேட்கிறார்கள், நமக்கு நல்ல காலம்' என்று வீடுகளில் பேச்சு. அப்படி இல்லை. எல்லோரும் மதிப்பெண் கொடுத்தே ஆக வேண்டிய இடத்தில் 1500 கூட்டத்தில் கரைந்துவிடும், 2.9 மட்டும் தனியாக நிற்கும். தேர்வு கட்டாயமில்லாத, கல்லூரியின் 75-ஆவது சதமான மதிப்பெண் (சேர்ந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் இதற்குள்தான் இருப்பார்கள்) 1400-க்குக் கீழே இருக்கிற இடத்தில்தான் 1500 கண்ணில் படும். அங்கே உங்கள் எண் அவர்களுடைய சராசரியைத் தூக்கிவிடும், அது அவர்களுக்கும் வேண்டும்.

அடுத்து, இந்த மாணவருக்கு விண்ணப்பத்திலேயே அதிக மதிப்புள்ள இடம். முதன்மைக் கட்டுரைக்கு 650 வார்த்தை. அதில் ஜிபிஏ பற்றிப் பேசவே வேண்டாம், அது மாணவர் யார் என்று காட்டுகிற இடம். விளக்கத்துக்கு வேறு இரண்டு பெட்டிகள் இருக்கின்றன: 'சவால்களும் சூழ்நிலைகளும்', 250 வார்த்தை, 'கூடுதல் தகவல்', 300 வார்த்தை. கூடுதல் தகவலுக்கு முன்பு 650 வார்த்தை இருந்தது, 2025-26 முதல் 300 ஆகக் குறைத்துவிட்டார்கள். பழைய வழிகாட்டிகளை நம்பி நீளமாக எழுதி வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். இந்த வெட்டு இந்த மாணவருக்கு நல்லதே. விளக்கம் நீள நீள சாக்குப் போல ஒலிக்கும்.

என்ன எழுதுவது? இப்படி எழுதுபவர்கள் அதிகம்: 'பத்தாம் வகுப்பில் பல சிரமங்களைச் சந்தித்தேன். அவற்றிலிருந்து நிறையக் கற்றுக்கொண்டேன். இன்று முதிர்ச்சி அடைந்திருக்கிறேன்.' இதைப் படித்தவருக்குக் கையில் ஒன்றும் மிஞ்சாது. இதற்குப் பதிலாக: 'பத்தாம் வகுப்பு இரண்டாம் பருவம், பிப்ரவரி முதல் மே வரை, அம்மாவுக்கு அறுவை சிகிச்சையும் ஓய்வும். காலையில் தம்பியைப் பள்ளிக்கு அனுப்புவதும் சமையலும் என் பொறுப்பு. 23 நாள் விடுப்பு. ப்ரீகால்குலஸில் டி, வேதியியலில் சி. கோடையில் ப்ரீகால்குலஸை மறுபடி எடுத்தேன், பி பிளஸ். பதினோராம் வகுப்பில் ஏபி கால்குலஸில் ஏ மைனஸ், ஏபி தேர்வில் 5.' மாதம், பாடம், கிரேடு, பிறகு என்ன செய்தார் என்பது. அவ்வளவுதான். கடைசி வரி எப்போதும் மீண்ட கிரேடாக இருக்கட்டும், உணர்ச்சியாக வேண்டாம்.

வீட்டில் நோயும் இல்லை, இடமாற்றமும் இல்லை, வீட்டுப்பாடம் செய்யவில்லை, அவ்வளவுதான் என்றால்? இல்லாத துயரத்தை உண்டாக்காதீர்கள். கவுன்சிலரின் கடிதம் பக்கத்திலேயே இருக்கும், அதில் அந்தத் துயரம் இருக்காது. 'ஒன்பதாம், பத்தாம் வகுப்பில் தேர்வுக்கு மட்டும் படித்தேன், வீட்டுப்பாடத்தை விட்டேன். பதினொன்றாம் வகுப்பிலிருந்து எல்லாவற்றையும் நேரத்துக்குக் கொடுக்கிறேன், அந்த ஆண்டு ஜிபிஏ 3.6' என்று இரண்டு வரியில் சொல்லலாம். பதினொன்றாம் வகுப்பிலும் ஏற்றம் இல்லையென்றால் அந்தப் பெட்டியைக் காலியாக விடுவதே நல்லது. கட்டாயப் பெட்டி இல்லை அது. வேர்டிலிருந்து ஒட்டும்போது பத்தி இடைவெளி குலையும், அனுப்பும் முன் பிடிஎஃப் முன்னோட்டத்தைத் திறந்து பாருங்கள்.

ஸ்கூல் ரிப்போர்ட்டை மாணவர் பார்க்கவே முடியாது, ஆனால் பாதி வழக்கு அங்கேதான் நடக்கிறது. இந்த மாணவர் எடுத்த பாடங்கள் அந்தப் பள்ளியின் மற்ற மாணவர்களோடு ஒப்பிட எவ்வளவு கடினமானவை என்று கவுன்சிலர் ஒரு கட்டத்தில் குறிப்பார். ஏழு ஏபி எடுத்து 2.9 வாங்கியவரும், எளிய வகுப்புகளில் 2.9 வாங்கியவரும் அந்தக் கட்டத்தில்தான் பிரிகிறார்கள். பன்னிரண்டாம் வகுப்புப் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் வசந்தத்திலேயே கவுன்சிலரைச் சந்தித்து, 'இந்தப் பாடங்களை எடுத்தால் மிகக் கடினம் என்று குறிப்பீர்களா' என்று நேராகக் கேட்டுவிடுங்கள். கேட்பதில் தப்பில்லை. ஜிபிஏ ஏன் சரிந்தது என்பதை ஒரு பக்கத்தில் எழுதி அவரிடம் கொடுங்கள். ஒரு கவுன்சிலருக்கு 250 மாணவர் என்பது அங்கே பரிந்துரைக்கப்படும் அளவு, பல அரசுப் பள்ளிகளில் அதைவிடக் கூடுதல். அவருக்கு உங்கள் கதை தெரிந்திருக்கும் என்று நினைக்காதீர்கள். மாணவர் சொல்லும் காரணத்தைவிடக் கவுன்சிலர் சொல்லும் அதே காரணத்துக்கு எடை அதிகம்.

பரிந்துரைக் கடிதத்துக்கு ஏ கொடுத்த ஆசிரியரைத் தேடி ஓடாதீர்கள். பதினொன்றாம் வகுப்பில் சியில் தொடங்கி ஏ மைனஸில் முடிந்த வகுப்பின் ஆசிரியர் இருந்தால் அவரே உங்கள் சாட்சி. 'இவர் செய்வாரா' என்ற கேள்விக்கு நேரில் பார்த்துப் பதில் சொல்லக்கூடியவர் அவர் மட்டும்தான். ஆசிரியர்களை அழைக்கும் முன், மாணவர் பதிவுகளைப் பற்றிய அமெரிக்கச் சட்டமான ஃபெர்பாவின் ஒப்புதலை முடிக்க வேண்டும். கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுப்பதாகக் குறிப்பதே வழக்கம். குறிக்காவிட்டால் கடிதத்தின் மதிப்பு குறையும்.

இனி பெரிய குறை. காமன் ஆப்பில் கல்லூரி தேடும் வசதி உண்டு. தேர்வு கட்டாயமா, கட்டணம் உண்டா, எவ்வளவு தூரம் என்றெல்லாம் சலிக்கலாம். ஆனால் 2.9 ஜிபிஏயை எடுக்கும் கல்லூரி எது என்று அது காட்டாது. விண்ணப்பிக்கும் முன்பே கல்லூரி இடம் தருவதாகச் சொல்லும் 'டைரக்ட் அட்மிஷன்ஸ்' திட்டத்தில் வரும் அழைப்புகளும் மாணவர் கணக்கில் போட்ட ஜிபிஏவை வைத்தே வருகின்றன, 1500 அங்கே பேசாது. எந்தக் கடைக்குப் போவது என்று சொல்லாத வண்டி இது. 20 இடங்களையும் பெயர் பார்த்து நிரப்பி, 20 கட்டணம் கட்டி, மார்ச்சில் உட்கார்ந்து வருந்தும் குடும்பங்களுக்குக் காரணம் இந்தப் பக்கம்தான்.

இந்த ஓட்டையை அடைக்க ஒரு இலவச ஆவணம் இருக்கிறது: காமன் டேட்டா செட். பெரும்பாலான கல்லூரிகள் ஆண்டுதோறும் தங்கள் தளத்தில் போடுகின்றன. கல்லூரிப் பெயரோடு இந்தச் சொல்லைச் சேர்த்துத் தேடினால் பிடிஎஃப் கிடைக்கும். நேராக 'சி' பகுதிக்குப் போங்கள். சி7-இல் ஜிபிஏ, பாடக் கடினம், தேர்வு மதிப்பெண், கட்டுரை ஒவ்வொன்றும் எவ்வளவு முக்கியம் என்று கல்லூரியே குறித்திருக்கும். தேர்வு மதிப்பெண்ணுக்கு 'கருத்தில் கொள்வதில்லை' என்று இருந்தால் பக்கத்தை மூடிவிடலாம். சி9-இல் 25, 50, 75-ஆவது சதமான எஸ்ஏடி. உங்கள் எண் 75-ஐத் தாண்ட வேண்டும், தொட்டால் போதாது. சி11 தான் உங்களுக்கான வரி: சேர்ந்த முதலாண்டு மாணவர்களில் எத்தனை சதவீதம் 3.00 முதல் 3.24 வரை, எத்தனை சதவீதம் 2.50 முதல் 2.99 வரை என்று பிரித்திருக்கும். இந்த இரண்டு வரியையும் கூட்டுங்கள். ஒன்றோ இரண்டோ சதவீதம் என்றால் அந்த இடங்களில் விளையாட்டு வீரர்கள் இருக்கலாம், உங்களுக்கு இடம் என்று எண்ண வேண்டாம். பத்துக்கு மேல் என்றால் பட்டியலில் சேருங்கள். இருபதைத் தாண்டினால் அது உங்கள் பாதுகாப்பான கல்லூரி ஆகலாம்.

சூத்திரம் வைத்து எடுக்கும் அரசுப் பல்கலைக்கழகங்கள் இந்த மாணவருக்கு வரப்பிரசாதம், காமன் ஆப்பில் அவை மற்றவற்றோடு கலந்து கிடப்பதால் கண்ணில் படுவதில்லை. அயோவா மாநில அரசுப் பல்கலைக்கழகங்கள் சேர்க்கைக்குப் பார்க்கும் ஆர்ஏஐ எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்ஏடி போன்ற இன்னொரு தேர்வான ஏசிடியின் மதிப்பெண் பெருக்கல் 3, ஜிபிஏ பெருக்கல் 30, முக்கியப் பாடங்கள் படித்த ஆண்டுகள் பெருக்கல் 5, மூன்றையும் கூட்ட வேண்டும். எஸ்ஏடி 1500-க்கு ஏசிடி இணை 34. அது 102. ஜிபிஏ 2.9-க்கு 87. முக்கியப் பாடம் 16 ஆண்டு என்றால் 80. மொத்தம் 269. மாநில மாணவருக்கு 245 இருந்தாலே பொதுவாக இடம் உறுதி. அதே 2.9-உம் ஏசிடி 22-உம் உள்ளவருக்கு 233 தான் வரும். ஏசிடியில் ஒரு புள்ளி ஜிபிஏவில் 0.1-க்குச் சமம் என்று கல்லூரியே எழுதிக் கொடுத்திருக்கிறது. இப்படி வெளிப்படையாகச் சொல்லும் இடம் வேறு எங்கே கிடைக்கும்? வெளிமாநிலத்தவருக்கும் இன்ஜினியரிங் போன்ற துறைகளுக்கும் கூடுதலாகக் கேட்கலாம், துறைப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழகம் இன்னும் எளிது. வகுப்பில் முதல் 25 சதவீதம், அல்லது 3.0 ஜிபிஏ, அல்லது குறிப்பிட்ட எஸ்ஏடி, ஏசிடி மதிப்பெண் என்று ஒன்றை நிறைவு செய்தால் போதும் என்ற முறை. ஆனால் கணிதம், ஆங்கிலம், அறிவியல் முதலிய அடிப்படைப் பாடங்களின் எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டும். ஜிபிஏ சரிந்த மாணவர்கள் பலரும் வழுக்குவது இங்கேதான்: இரண்டாம் ஆண்டு அயல்மொழியைப் பாதியில் விட்டிருப்பார்கள், அல்லது ஆய்வக அறிவியல் ஒன்று குறையும். கோடைக்காலத்திலேயே எண்ணிப் பார்த்து அடைத்துவிடுங்கள்.

உதவித்தொகையைப் பொறுத்தவரை எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும். மெரிட் பண அட்டவணைகளில் பெரும்பாலும் ஒரு பக்கம் மதிப்பெண், இன்னொரு பக்கம் ஜிபிஏ. 1500-இன் வரிசையில் போய் 2.9-இன் கட்டத்தைத் தேடினால் அங்கே கட்டமே இருக்காது. நேஷனல் மெரிட் உதவித்தொகையிலும் அப்படியே. எஸ்ஏடிக்கு முன்னோட்டமான பிஎஸ்ஏடி தேர்வால் அரையிறுதிக்கு வருபவர்கள் ஏறத்தாழ 16,000 பேர், இறுதிக்குப் போக ஒன்பதாம் வகுப்பிலிருந்து நல்ல கல்விப் பதிவு வேண்டும். அரையிறுதிக் கடிதம் வந்ததை வைத்துப் பணக்கணக்குப் போட்டுவிடாதீர்கள்.

காலக்கெடுவை உங்களுக்குச் சாதகமாக வளைக்க முடியும். நவம்பர் 1-இல் எர்லி டெசிஷன் (இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டிய முன்விண்ணப்பம்) போட்டால் கல்லூரி பார்ப்பது பெரும்பாலும் பதினொன்றாம் வகுப்பு வரைதான். ஜனவரி ரெகுலரில் போட்டால் மிட் இயர் ரிப்போர்ட் வழியாகப் பன்னிரண்டாம் வகுப்பு முதல் பருவமும் போய்ச் சேரும். அந்தப் பருவம் உங்கள் வாழ்க்கையிலேயே சிறந்த பருவமாக இருக்கப் போகிறது என்றால் ரெகுலரே சரி. காமன் ஆப் கெடு உங்கள் ஊர் நேரப்படி இரவு 11:59. விண்ணப்பத்தை அனுப்பியதும் துணைக் கட்டுரைகளும் போய்விட்டன என்று நினைத்து மூடிவிடுகிறார்கள். சில கல்லூரிகளில் அது தனிச் சமர்ப்பிப்பு. டேஷ்போர்டில் ஒவ்வொன்றுக்கும் பச்சைக் குறி விழுந்திருக்கிறதா பாருங்கள். ஜூலையிலேயே கணக்குத் தொடங்கலாம், பொதுப் பகுதி அப்படியே அடுத்த ஆண்டுக்கு வந்துவிடும். கல்லூரிக்கான தனிக் கேள்விகளின் பதில்கள் அழிந்துவிடும், அவற்றை வேறு கோப்பில் வையுங்கள்.

காமன் ஆப்புக்கு வெளியே இருக்கும் கதவுகளையும் சொல்லாமல் விட முடியாது. யூசி எனப்படும் அரசு 'யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா' வளாகங்களுக்குத் தனி விண்ணப்பம். சேர்க்கையில் எஸ்ஏடியைப் பார்ப்பதே இல்லை, அதனால் உங்கள் பலம் அங்கே செல்லாது. ஆனால் ஜிபிஏவை ஒன்பதாம் வகுப்புக்குப் பிந்தைய கோடையிலிருந்து பதினொன்றாம் வகுப்புக்குப் பிந்தைய கோடை வரைதான் கணக்கிடுவார்கள், ஒன்பதாம் வகுப்பில் மட்டும் கவிழ்ந்தவருக்கு அதுவே பெரிய ஆறுதல். அதைவிடப் பெரிய கதவு கலிஃபோர்னியக் கம்யூனிட்டி காலேஜ் (இரண்டாண்டுக் கல்லூரி) வழி. டேவிஸ், அர்வைன், மெர்சட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு யூசி வளாகங்களும் டிஏஜி என்ற இட உறுதி ஒப்பந்தம் தருகின்றன. 60 செமஸ்டர் யூனிட்டும் வளாகம் கேட்கும் கல்லூரி ஜிபிஏவும் இருந்தால் மூன்றாம் ஆண்டில் நுழையலாம், பள்ளி ஜிபிஏவை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. செப்டம்பரில் டிஏஜி விண்ணப்பம், அதன் பிறகு பொது விண்ணப்பம், இரண்டையும் போட வேண்டும். முதல் பருவத்திலேயே கம்யூனிட்டி காலேஜின் டிரான்ஸ்ஃபர் கவுன்சிலரிடம் பாடத்திட்டத்தைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.